ஊறுகாய் போத்தலில் வளர்ந்த துளைப் படிகங்கள்

செப்டம்பர் கடைசியில் மூடி வைத்த போத்தலை எட்டாம் நாள் காலையில் திறந்தேன். உள்ளே நிறுத்தியிருந்த சின்னக் குப்பியின் சுவரிலும் அடியிலும் கற்கண்டுப் பொடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கைலென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் கனசதுரம், கண்ணாடி போலத் தெளிவு, விளிம்பெல்லாம் நேர்க்கோடு. பெரியது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை, ஆய்வகத்துக்கு வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கணக்கு உறைத்தது. ஒரு தடவைக்கு எட்டு நாள் என்றால் எம்.எஸ்சி. புராஜெக்ட் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு தடவைதான் செய்ய முடியும், அதில் பாதி கெட்டுப்போனால் எழுதுவதற்கே ஒன்றும் இருக்காது. அந்த எட்டு நாளைக் குறைக்கப் பாலிமர் சேர்த்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்குகிற யாருக்காவது நான் தொலைத்த ஒரு மாதம் மிச்சமாகட்டும்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது எட்டு குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் வளையம். மாவுச்சத்தின் நீளமான சங்கிலியை ஒரு நொதி வெட்டி வளைத்து ஒட்டுவதால் கிடைப்பது. நம்மூர் மரச்சீனிக் கிழங்கில் இருப்பதும் அதே மாவுச்சத்துதான். இந்த வளையத்தோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து, மெத்தனால் ஆவி மெதுவாக உள்ளே போகும்படி வைத்தால், பொட்டாசியம் அயனிகள் வளையங்களை ஒன்றோடொன்று பிணைக்கும். ஆறு வளையங்கள் ஒரு பெட்டியின் ஆறு பக்கங்களாக நின்றுகொள்ளும். நடுவில் 1.7 நானோமீட்டர் அகல அறை, உள்ளே போக 0.78 நானோமீட்டர் வாசல். இப்படி அறை அறையாக அடுக்கியதுதான் படிகம். ஒரு கிராமை எடுத்து உள்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1200 சதுர மீட்டர் வரும், நம் கணக்கில் கிட்டத்தட்ட 30 சென்ட். ஒரு ஸ்பூன் தூளுக்குள் ஒரு வீடும் அதைச் சுற்றித் தென்னந்தோப்பும் அடங்குகிற பரப்பு!

பொட்டாசியம் இருப்பதால் இதைச் சுத்தமான கரிமப் பொருள் என்று சொல்ல முடியாது, உலோக கரிமச் சட்டகம் என்பதுதான் சரியான பெயர். 2010ல் வேதியியலாளர்கள் ஸ்டாடார்ட், யாகி இருவரின் குழுக்களும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். ஸ்டாடார்ட்டுக்கு மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016லும், யாகிக்கு இந்தச் சட்டகங்களுக்காகவே 2025ல் கிடாகவா, ராப்சன் ஆகியோருடன் சேர்த்தும் நோபல் பரிசு கிடைத்தது. உலோகமே இல்லாமல் முழுக்கக் கரிமப் பிணைப்பால் ஆன சட்டகங்களை யாகி குழு 2005ல் செய்து காட்டியது. அவற்றில் கண்ணுக்குத் தெரிகிற படிகம் வளர்ப்பது ரொம்பக் கஷ்டம். 2018ல் அனிலீன் கலந்து வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, வாரக்கணக்கில் காத்திருந்துதான் நல்ல ஒற்றைப் படிகம் எடுத்தார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு அது எட்டாத வேலை. சர்க்கரை வளையம் என்றால் தண்ணீர், மெத்தனால், ஒரு மூடி போட்ட போத்தல் போதும். அதனால் கைடு மேடம் இதையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அடிப்படைச் செய்முறை: 163 மில்லிகிராம் காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின், 56 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 5 மில்லிலிட்டர் தண்ணீர். ஒரு வளையத்துக்கு எட்டு பொட்டாசியம் என்பது கணக்கு. 56 மில்லிகிராமை நிறுப்பதுதான் முதல் தலைவலி. ஹைட்ராக்சைடு உருண்டை ஒன்றே அதைவிடக் கனமாக இருக்கும், உடைத்து எடுத்துத் தராசில் வைப்பதற்குள் நாகர்கோவில் காற்றில் வேர்த்து வழியத் தொடங்கிவிடும், எடை ஏறிக்கொண்டே போகும். மூன்று தடவை மல்லுக்கட்டிவிட்டு அதை விட்டேன். மொத்தமாக 0.2 மோலார் கரைசல் தயாரித்து, ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்த்து (டைட்ரேட் செய்து செறிவை உறுதிப்படுத்தி), அதில் 5 மில்லிலிட்டர் பிப்பெட் செய்தால் சரியாக ஒரு மில்லிமோல் கிடைக்கிறது. சர்க்கரையை நேராக அதிலேயே கரைத்துவிடலாம். கரைசலை பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடி வையுங்கள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட் ஆக்கிவிடும், நான் வாரம் ஒரு தடவை மறுபடி தரம்பார்த்தேன்.

கரைந்ததும் 0.45 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டி வழியாகக் குப்பிக்கு மாற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் தூசு ஒவ்வொன்றிலும் ஒரு படிகம் முளைக்கும். குப்பியைத் திறந்தபடி, கால்வாசி மெத்தனால் ஊற்றிய பெரிய போத்தலுக்குள் நிறுத்தி மூடிவிடுவேன். அந்தப் பெரிய போத்தல் வீட்டில் நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தது, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி மூடி, ஆவி துளிகூட வெளியேறவில்லை. மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். ஆவிபோக்கி அறைக்குள்ளேதான் எல்லா வேலையும் செய்தேன், எடுத்த ஒவ்வொரு மில்லிலிட்டரும் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுச் சமையலறையில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

சரி, பாலிமர் எதற்கு? என் பாலிமர் பாலிஎத்திலீன் கிளைக்கால், ஆய்வகத்தில் சுருக்கமாகப் பெக். மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கத் தருகிற பொடியும் இதே வகைதான். சங்கிலியின் ஒவ்வோர் ஆக்சிஜனும் பக்கத்தில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சங்கிலியே நூல்கண்டு மாதிரி சுருண்டு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை வளையங்களுக்கு மிஞ்சுகிற தண்ணீரும் இடமும் குறைவதால் அவை நெருங்கி வரும், கரைசல் சீக்கிரமே மிகைநிறைவு நிலைக்கு, அதாவது தாங்குவதைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலைக்குப் போய்விடும். புரதப் படிகம் வளர்ப்பவர்கள் பல பத்தாண்டுகளாகப் பெக்கை நம்பியிருப்பது இதனால்தான். சங்கிலி நீளமாக இருந்தால் குறைந்த அளவே போதும் என்பதும் அவர்கள் அனுபவம்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, பெக் சங்கிலி வளையத்துக்குள்ளேயே கோத்துக்கொண்டால்? 1990ல் ஜப்பானில் ஹராடா காட்டியது அதைத்தான். ஆறு குளுக்கோஸ் உள்ள ஆல்ஃபா வளையங்கள் பெக் சங்கிலியில் பூக்கோர்ப்பதுபோல ஏறிக்கொள்ளும். பக்கத்து அலமாரியில் ஆல்ஃபா இருந்ததால் செய்தே பார்த்தேன். செறிவான கரைசலில் பெக் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துக் கெட்டியாகிவிட்டது. காமாவில் அப்படி எதுவும் ஆகவில்லை, ஒற்றைச் சங்கிலிக்கு அந்த ஓட்டை ரொம்ப அகலம், இறுக்கிப் பிடிக்காது. இந்த அரைமணி நேரச் சோதனை செய்யாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த ஒவ்வொரு வெண்மையையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

முதல் ஓட்டத்தில் கையில் இருந்த பெக் 6000ஐ (எண் மூலக்கூறு எடையைச் சொல்வது, எண் பெரிதானால் சங்கிலி நீளம்) ஆரம்பத்திலேயே சேர்த்தேன். இரண்டு நாள் எதுவும் இல்லை. பொறுமையிழந்து மெத்தனாலை ஆவியாக விடாமல் நேராக 3 மில்லிலிட்டர் ஊற்றினேன். உடனே அடியில் பாகு மாதிரி ஒட்டுகிற ஒரு படலம் இறங்கியது. கண்ணாடிக் குச்சியால் தொட்டால் கருப்பட்டிப் பதம். நுண்நோக்கியில் ஒரு விளிம்புகூடத் தெரியவில்லை. மெத்தனால் அவசரமாக வந்ததால் வளையங்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் கும்பலாக விழுந்துவிட்டன என்று புரிந்தது.

அப்புறம் பெக் 20000 வரவழைத்தோம். ஆய்வுக் கட்டுரைகளில் சொல்லும் முறை வேறு. கரைசலில் முன்கூட்டியே அரை மில்லிலிட்டர் மெத்தனால் கலந்து, 50 டிகிரியில் ஆவி ஊடுருவ 6 மணி நேரம் விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, அதில் மில்லிலிட்டருக்கு 8 மில்லிகிராம் என்ற அளவில் சேர்ப்பது. சூட்டில் வைத்தாலே எட்டு நாள் என்பது மணிக்கணக்காகிவிடுகிறது, அது பாதி வெற்றி. பெக் சேர்த்ததும் மீதி ஒரு மணி நேரத்தில் முடிந்தது, குப்பி முழுக்கப் பால் வெள்ளை! துள்ளிக் குதித்துக்கொண்டு தாவரவியல் துறைக்கு ஓடினேன், நல்ல நுண்நோக்கி அங்கேதான் இருக்கிறது. கனசதுரங்கள்தான், சந்தேகமில்லை, ஆனால் எல்லாம் 10 மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள். படிகத் துளைகளுக்குள் மருந்து ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் சின்ன அளவுதான் வேண்டும், அவர்களுக்காக உருவான முறை அது. எனக்கு வேண்டியது ஒவ்வொரு படிகத்தையும் தனியாக லென்ஸின் கீழ் வைத்து வாயு ஏறுவதைப் பார்க்கிற அளவு, குறைந்தது 100 மைக்ரான்.

அந்த வாரக் கடைசியில் கருங்கல் பக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டா சின்ன வயதில் பனையேறியவர், அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டியும் கற்கண்டும் செய்தவர். திண்ணையில் உட்கார்ந்து என் போத்தல் கதையைச் சொன்னேன். சீக்கிரம் வரவைக்க ஒரு பொருள் சேர்க்கிறேன், சேர்த்தால் எல்லாம் பொடியாகப் போகிறது என்றேன்.

"நூலு போட்டியா மக்களே?" என்றார்.

இல்லை என்றேன்.

"பானையில பாகை ஊத்திட்டு நூலு கெட்டாம விட்டா எல்லாம் அடியில குருணையாட்டு கெடக்கும். நூலு இருந்தா அதுல போயி ஒட்டும். ஒட்டினதுமேல பின்னயும் ஒட்டும். ஆனா பானைய எளக்கப்பிடாது."

பாடப்புத்தகத்தில் கருவாக்கம் (புதுப் படிகம் பிறப்பது), வளர்ச்சி (பிறந்தது பெரிதாவது) என்று இரண்டு தனித்தனிப் படிகளாகப் படித்ததுதான். பெக் கரைசலை மிகைநிறைவுக்குத் தள்ளுகிறது, அந்த மிகுதி எங்கே போய் இறங்குவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே ஒட்டிக்கொள்ள இடம் இருந்தால் அங்கே போகும், இல்லையென்றால் லட்சம் புதுக் கருக்கள் பிறக்கும். நான் இடமே கொடுக்காமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எட்டு நாள் படிகங்களில் சிலவற்றை மெத்தனாலில் நனைத்தபடியே லேசாக நசுக்கி விதையாக எடுத்துக்கொண்டேன். நூல் போட மனம் வரவில்லை, பருத்தி நூலின் சிலும்பு ஒவ்வொன்றும் ஒரு கருவாகிவிடும். விதையைச் சூடான கரைசலில் முதல் மணி நேரத்திலேயே போட்டேன், பத்து நிமிடத்தில் கரைந்து காணாமல் போனது. கரைசல் இன்னும் நிறைவை எட்டவில்லை, சர்க்கரைத் தண்ணீரில் சீனி போட்ட மாதிரி அதையும் கரைத்துக்கொண்டது. அடுத்த குப்பியில் மூன்றாம் மணி, அதற்கடுத்ததில் நான்கு, ஐந்து. நான்காம் மணியில் போட்ட விதை கரையவும் இல்லை, சுற்றிலும் புதுத் தூள் விழவும் இல்லை. ஐந்தாம் மணிக்குச் சுவரில் தானாகவே படிகம் தொடங்கிவிட்டிருந்தது. என் குப்பியின் வாய் அகலத்துக்கும் மெத்தனால் அளவுக்கும்தான் இந்த நான்கு மணி பொருந்தும், உங்கள் போத்தலில் எப்போது என்பதை நீங்கள்தான் விதை போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

விதை நின்றதும் பெக் 20000. இந்தத் தடவை மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் மட்டும், அதையும் கொஞ்சம் தண்ணீரில் முன்பே கரைத்து, 50 டிகிரிக்குச் சூடாக்கி, சுவர் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குச்சியால் கலக்கவில்லை. மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் அடியில் கனசதுரங்கள் தனித்தனியாகக் கிடந்தன, பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான், விளிம்பு தெளிவு. எட்டு நாள் படிகத்தின் பாதி அளவு, ஆனால் ஒரே ராத்திரியில். அதே நாள் அதே விதையோடு பெக் இல்லாமல் வைத்திருந்த குப்பியில் படிகங்கள் 70, 80 மைக்ரானிலேயே நின்றிருந்தன. 4 மில்லிகிராம் போட்ட குப்பியில் பெரியவற்றோடு தூளும் கலந்திருந்தது. பெக் 6000ல் 2 மில்லிகிராமுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, 5 வரை ஏற்றினால்தான் வேலை செய்தது. மூன்று தடவை திரும்பச் செய்து ஒரே மாதிரி வந்த பிறகுதான் நோட்டில் மையால் எழுதினேன்.

ராத்திரி முழுக்க 50 டிகிரியை எப்படிப் பிடித்து வைத்தேன் என்று கேட்பீர்கள். சூடேறும் கம்பி உள்ள ஓவனுக்குள் மெத்தனாலைக் கொண்டுபோகவே கூடாது. பகலில் நீர்க்குளியல் தொட்டி. ராத்திரி கரண்ட் போனால் அது ஆறிவிடும், ஆறினால் கரைதிறன் சடாரென்று குறைந்து புதுத் தூள் விழும், அப்படி இரண்டு ஓட்டம் போனது. குளச்சலில் இருந்து மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றை அட்டெண்டர் அண்ணன் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் ஊறுகாய் போத்தலைச் சுற்றி 55 டிகிரி வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி மூடி, ஆவிபோக்கி அறைக்குள்ளேயே வைத்துவிட்டால் விடியும்போது 42, 43ல் நிற்கிறது. இறக்கம் மெதுவாக இருப்பதால் அது படிகத்துக்கு நல்லதாகவே முடிந்தது. பஸ் போகும்போது மேசை அதிர்கிறது என்று பெட்டியைப் பின்பக்கத்து ஆவிபோக்கி அறைக்கு மாற்றினேன், எளக்கப்பிடாது (அசைக்கக்கூடாது) என்று பாட்டா சொன்னது காதிலேயே இருந்தது.

இனி மழை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, என் நல்ல படிகங்கள் கிடைத்தது சரியாக ஐப்பசி அடைமழையில். இந்தச் சட்டகம் தண்ணீர் பட்டால் அவிழ்ந்துவிடும், ஈரக்காற்றே போதும். கண்ணாடித் தகட்டில் உலர்த்திய படிகங்களை நுண்நோக்கியின் கீழ் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். மூலைகள் மழுங்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு ஈர வட்டம். மறுநாள் காலையில் கனசதுரம் இருந்த இடத்தில் காய்ந்த பசை. இரண்டு வாரம் இதோடுதான் போனது, ரொம்பவே அழவைத்தது. கடைசியில் பிடித்த வழக்கம் இது. உலர்த்தவே வேண்டாம், வேலை வரும்வரை படிகம் மெத்தனாலில் மூழ்கியே இருக்கட்டும். வேலை வந்தால் வெற்றிடத்தில் 50 டிகிரியில் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் என்ற மூடிய பாத்திரத்துக்குள் நேராகப் போகட்டும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அன்றைக்குக் குப்பியைத் திறப்பதில்லை.

துளை உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றும் கருவி எங்களிடம் இல்லை. 2011ல் வந்த ஒரு கட்டுரையில் ருபீடியம் வைத்துச் செய்த இதே சட்டகத்துக்குள் அமிலத்தில் சிவக்கும் மெத்தில் ரெட் சாயத்தை ஏற்றி, கார்பன் டைஆக்சைடு உள்ளே போவதை நிறமாற்றத்தால் காட்டியிருந்தார்கள். அதைப் பொட்டாசியப் படிகத்தில் செய்தேன். சாயம் கரைத்த மெத்தனாலில் ஒரு நாள் ஊறியதும் கனசதுரங்கள் மஞ்சளாகின, மேலோடு மட்டும் அல்ல, உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் மஞ்சள். சோடா உப்பில் வினிகர் ஊற்றி வந்த வாயுவைக் கால்சியம் குளோரைடு குழாய் வழியாக உலர்த்திப் படிகங்களின்மேல் விட்டேன். உலர்த்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன மழைக்கதையே சொல்லும். மஞ்சள் ஓரத்திலிருந்து ஆரஞ்சாகி, செம்மை ஏறியது. வாயுவை நிறுத்திக் காத்திருந்தால் மறுபடி மஞ்சள் பக்கம் திரும்பியது. ராத்திரிப் படிகமும் எட்டு நாள் படிகமும் ஒரே மாதிரி மாறின. பெக் வாசலை அடைத்துவிடுமோ என்று அத்தனை நாள் இருந்த கவலை அங்கே தணிந்தது.

ஆனால் படிகத்தின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையின் முடிவு வந்தபோது இன்னொன்று காத்திருந்தது. வெளியூர் கருவி மையத்துக்கு அனுப்பிய முதல் மாதிரியில் இந்தச் சட்டகத்துக்கு உரிய முகடுகள் 4, 5.7, 7 டிகிரிக் கோணங்களுக்குப் பக்கத்தில் கச்சிதமாக இருந்தன, கூடவே 19.2லும் 23.3லும் இரண்டு கூடுதல் முகடுகள். அவை உறைந்த பெக்கின் கையெழுத்து. நான் எத்தனாலில் கழுவியிருந்தேன், நீளமான பெக் குளிர்ந்த எத்தனாலில் சரியாகக் கரையாது, படிகங்களின் மேலேயே படிந்துவிட்டது. இப்போது 40 டிகிரி மெத்தனாலில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணி ஊறவைத்து, மேல்நீரை மட்டும் பிப்பெட்டால் எடுக்கிறேன். கடைசி மேல்நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் ஆறவிட்டால் வெள்ளை மெழுகுப் படலம் வரக்கூடாது. வந்தால் ஐந்தாவது தடவை. இப்படிக் கழுவிய இரண்டாவது மாதிரி, சிலிக்கா ஜெல்லோடு இரட்டைக் குப்பியில் அடைத்து, போன வியாழக்கிழமை கூரியரில் போயிருக்கிறது.